ஓரத்து நிறங்கள்

திருவொற்றியூரில் இருந்த அந்த அச்சகத்துக்கு வெளியாள் யார் வந்தாலும் முதலில் கண்ணாடி அறைக்குத்தான் கூட்டிப்போவார்கள். உள்ளே ஒரு கணினி, ஒரு கேமரா, கழுத்தில் அடையாள அட்டை தொங்க கார்குழலி. முதலாளி தேவகிருபை அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை. லேபிள் அடிக்கிற கடை மெட்ராஸில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, இஞ்சினியர் வைத்து லேபிள் அடிக்கிற கடை எது என்று வந்தவரிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காப்பி சொல்லிவிடுவார். பின்பக்கத்துக் கொட்டகையை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். அங்கே வெட்டும் இயந்திரம் இருந்தது, பரசுராமன் இருந்தார், அவருடைய பெரிய தொண்டையும் இருந்தது.

இது இரண்டாயிரத்து எட்டில் நடந்தது. குழலி அப்போது செய்துகொண்டிருந்தது வண்ண பார்கோடு. சோப்பு உறையில் பார்க்கிற கறுப்புக் கோடு இல்லை, புள்ளி புள்ளியாக நிரம்பிய ஒரு சதுரம். அப்படி மூன்று சதுரங்களை நீலம், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று மையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துவிடுவார்கள். கேமரா அவற்றை மறுபடி பிரித்துத் தனித்தனியாகப் படித்துக்கொள்ளும். ஒரு சதுரம் அடைக்கிற இடத்தில் மூன்று சதுரத்துச் செய்தி. ராயபுரத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் சௌக்கத் அலிக்கு அதுதான் தேவைப்பட்டது. இறால் எந்தக் குட்டையில் வளர்ந்தது, என்ன தீனி தின்றது, எந்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று வெளிநாட்டுக்காரன் எல்லாவற்றையும் பெட்டியின் மேலேயே கேட்டான். பெட்டியில் இருந்ததோ உள்ளங்கை அளவு இடம்.

சொல்லும்போது எளிது. ஆனால் மை இருக்கிறதே, அது மனிதர்களைப் போலத்தான், தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. நீல மை சிவப்பு வெளிச்சத்தை மட்டும் விழுங்க வேண்டும். அது பச்சையையும் கொஞ்சம் கடித்துவைக்கும். மெஜந்தா பச்சையை விழுங்கிவிட்டு, அது போதாது என்று, மஞ்சள் விழுங்கவேண்டிய நீல வெளிச்சத்திலும் வாய் வைக்கும். அதனால் மஞ்சள் சதுரத்தைப் படிக்கப் போனால் மெஜந்தாவின் நிழல் அங்கே வந்து நிற்கும். இல்லாத புள்ளியை இருக்கிறது என்று கேமரா அடித்துச் சொல்லும்.

குழலி முதலில் மையோடு சண்டை போட்டாள். விலை கூடிய மை வாங்க வைத்தாள், தாளை மாற்றினாள், அச்சு அடிக்கிறவரை அழ வைத்தாள். கடைசியில்தான் அவளுக்குப் புத்தி வந்தது. கலப்பதைத் தடுக்க முடியாது, எது எதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு லேபிளுக்கும் அடியில், எல்லைக்கோட்டுக்குக் கீழே, ஆறு சின்னக் கட்டங்களை வரிசையாக வைத்தாள். மூன்று மையும் தனித்தனியாக மூன்று கட்டம், இரண்டிரண்டு சேர்ந்து மூன்று கட்டம். கேமரா முதலில் அந்தப் பட்டையைப் பார்க்கும். இந்தத் தாளில், இந்த வெளிச்சத்தில், எந்த மை எங்கெல்லாம் வாய் வைக்கிறது என்று தெரிந்துகொள்ளும். பிறகு சதுரத்துக்கு வந்து, அந்த அளவைக் கழித்துவிட்டுப் படிக்கும். கண்ணாடி அறையின் மேசையில் அது பிசகாமல் படித்தது. ராயபுரத்துச் சோதனை முடிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதாகத் தேவகிருபை அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். சோதனை தேறாவிட்டால் ஒப்பந்தம் அதோடு முடிகிறது என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ராயபுரத்துக் குளிர்கிடங்கில் அத்தனை பேரும் சால்வை போர்த்திக்கொண்டு நிற்க, குழலி முதல் பெட்டியின் மேல் கேமராவைப் பிடித்தாள். படிக்கவில்லை. இரண்டாவது பெட்டியும் படிக்கவில்லை. மூன்றாவது என்னவோ படித்தது, ஆனால் திரையில் வந்தது எந்த மொழியும் இல்லை.

"என்னம்மா, ஒண்ணும் வாசிக்க மாட்டேங்கு?" என்றார் தேவகிருபை அம்மா. சாதாரணமாக அவருடைய நாசரேத்துப் பேச்சு வாடிக்கையாளர் முன்னால் வெளியே வராது.

குழலி லேபிளை உற்றுப் பார்த்தாள். எல்லைக்கோட்டோடு, மயிரிழை பிசகாமல், அத்தனை லேபிளும் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. அடியில் இருந்த வண்ணப் பட்டையைக் காணோம்.

அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும். எந்த நிற அச்சிலும் தாளின் ஓரத்தில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். மை சரியாக விழுகிறதா என்று அச்சடிப்பவர் பார்த்துக்கொள்ள வைத்தது. அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அதை வெட்டிக் குப்பையில் போடுவதுதான் வெட்டுகிறவரின் முதல் கடமை. ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் அதில் கடுகளவு ஒட்டிக்கொண்டு வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டால், வெட்டியவருக்கு ராயபுரம் முதல் எண்ணூர் வரை மானம் போய்விடும். பரசுராமனுக்கு அப்படி ஒரு தடவையும் போனதில்லை.

"ப்ரோக்ராம்ல ஒண்ணும் இல்ல மேடம்," என்றாள் குழலி. அலுவலகத்தில் அவள் பேசுகிற, கல்லூரியில் கற்றுக்கொண்ட, மடிப்புக் கலையாத தமிழ். "கட்டிங்ல தப்பு பண்ணிட்டாங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. சௌக்கத் அலி தலையாட்டினார், அடுத்த வாரம் இன்னொரு தடவை கொண்டுவரச் சொன்னார். தேவகிருபை அம்மா வெளியே வந்ததும் கைபேசியை எடுத்து, பரசுராமன் இனி கூப்பிடும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொன்னார். குழலி காரில் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வேலை தப்பிய நிம்மதி அவளுக்கு இருந்தது, இல்லை என்று சொன்னால் அது நியாயமில்லை.

அந்த நிம்மதி எம்.கே.பி. நகர் வரைதான் கூட வந்தது. வீட்டில் அப்பா துரை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பரசுவ வேலைக்கு வராதன்னு சொல்ட்டாங்களாமே. உன் கம்பெனிதான அது? இன்னாத்துக்கு?"

"தெரியல நைனா."

"நீ இன்னா பெரிய ஆபிசரு, உனக்குத் தெரியாம போய்டுமா? கேட்டுச் சொல்லு. ஹார்பர்ல கூட நானும் அவனும் ஒண்ணா மூட்டை தூக்கிகினு இருந்தோம். கையில ஒரு வேலை குட்த்தா சுத்தமா செய்வான்."

அப்பாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த அச்சகத்தில் அவள் எந்த ஏரியா, யார் வீட்டுப் பெண் என்று, அதே நகர்க்காரரான பரசுராமனைத் தவிர யாருக்கும் தெரியாது. கிண்டியில் படிக்கப் போன முதல் வாரத்தில் அவள் இழுத்துக்கொண்டு என்பதற்கு 'இஸ்துகினு' என்று சொல்லப்போய், வகுப்பே அதை ஒரு வருஷம் வைத்துச் சிரித்தது. அன்றைக்குத் துடைக்க ஆரம்பித்த வாயை அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டம் பிதுங்கிய பேருந்தில் பரசுராமன் எழுந்து, "கொழலி, இங்க வந்து குந்து" என்று இடம் கொடுத்தார். பக்கத்தில் அச்சகத்துக் கணக்குப் பெண் நின்றிருந்தாள். குழலி காது கேளாதவள் போல ஜன்னலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை, அவளும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. லேபிளுக்கான வேலை அட்டையில் பட்டையை வெட்டாதீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டி அனுப்பியதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பரசுராமனைத் தேடிப் போனாள். அவர் குடியிருப்பின் கீழே, தண்ணீர்த் தொட்டி நிழலில், நாலு பேரோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். சிவப்புக் காய் பலகையில் இருந்ததால் அவள் பேசாமல் நின்றாள். அதைப் போட்டுவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

"இன்னா கொழலி, இந்தப் பக்கம்? நைனா நல்லாக்கீறாரா?"

"நல்லாக்கீறாரு மாமா." அந்தச் சொல் தன் வாயிலிருந்து இவ்வளவு எளிதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. "உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் எழுந்து, கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் வந்தார். அவள் கேட்டாள். "அந்தக் கலர்ப் பட்டைய எதுக்கு வெட்னீங்க?"

"கலர்ப் பட்டைய வெட்டாம கோயில்ல வச்சி கும்புடுவாங்களா?" என்றார் பரசுராமன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ பொறக்கறதுக்கு முன்ன இருந்து வெட்டிகினு கீறேன். எவனாவது சொல்லட்டும், பரசுராமன் வெட்ன ஜாப்ல ஓரத்துல கலர் நின்னுச்சின்னு."

"அட்டையில எழுதி வச்சிருந்தேனே."

"கீழ என்னாவோ இங்கிலீஸ்ல ஒரு லைன் இருந்துச்சி. அதான் எனக்கும் டவுட்டு. எப்பவும் ஷீட்டு ஓரத்துல ஒரு பட்டதான் இருக்கும். இதுல ஒவ்வொரு லேபுளுக்கும் அடியில ஒண்ணு ஒண்ணு கீது. இன்னாடா இதுன்னு உன்ன கேக்கலாம்னு உன் ரூமாண்ட வந்தேன்."

"எப்ப மாமா?"

"வெட்ன அன்னிக்குத்தான். உள்ள யாரோ கோட்டு போட்ட ஆளுங்க. அம்மாவும் இருந்தாங்க. நீ என்ன கண்ணாடிலயே பாத்த. பாத்துட்டு, போன எடுத்துக் காதுல வச்சிகினு அந்தாண்ட திரும்பிகின." அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. "சரி, பொண்ணுக்கு நம்மாள ஒரு பேஜாரு வேணாம்னு திரும்பிட்டேன். வயக்கமா வெட்றா மாரி வெட்டி வுட்டேன்."

குழலிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தக் கைபேசி அடிக்கவே இல்லை. அடிக்காத பேசியைக் காதில் வைத்து, யாருமே இல்லாத ஒருவரிடம் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றவர் போகட்டும் என்று காத்திருந்தாள். அவர் ஒரு கேள்வியோடு வந்திருந்தார். அந்தக் கேள்வி உள்ளே வந்திருந்தால் எல்லாம் அங்கேயே சரியாகியிருக்கும். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை, டீ குடிக்கிறாயா என்று கேட்டார்.

திங்கள்கிழமை தேவகிருபை அம்மா வந்து கைப்பையை வைப்பதற்குள் குழலி அறைக்குள் போய் நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அழகான வாக்கியங்கள் இரண்டு சொல்லோடு தீர்ந்துபோயின.

"மேடம், வெட்னது பரசுராமன் மாமாதான். ஆனா அவரு என்னாண்ட கேக்க வந்தாரு. நான்தான் மூஞ்ச திருப்பிகினேன். அவரு எங்க ஏரியா. எங்க நைனாவோட தோஸ்து. அது உங்களுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயந்துகினு அவராண்ட பேசாமயே இருந்துட்டேன். தப்பு என்னுது."

தேவகிருபை அம்மா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அவருடைய இஞ்சினியருக்குள்ளிருந்து இன்னொரு பெண் எழுந்து நிற்பதைப் பார்த்தவர் போலத்தான் இருந்தார்.

"நீ எம்.கே.பி. நகரா?"

"ஆமா மேடம்."

"அதை மறைக்கதுக்கு என்ன இருக்கு? கொலையா பண்ணிட்டு வந்த?" என்றார். பிறகு வியாபாரி திரும்பி வந்துவிட்டார். "அது போகட்டும். கட்டிங்ல தப்புன்னு சௌக்கத் அலி முன்னால சொன்னது நீ. இப்போ அவர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"நானே சொல்றேன். என் டிசைன்ல தப்புன்னு."

"அடுத்த தடவையும் வாசிக்கலைன்னா கைகாட்டுததுக்கு ஆள் கிடையாது. உன் வேலை போயிரும், தெரியும்லா?"

"தெரியும் மேடம்."

"பேசு," என்று அம்மா தன் கைபேசியையே நீட்டினார். பரசுராமனை நாளை முதல் வரச்சொல்லி மேஸ்திரியிடம் சொல்லவும் மறக்கவில்லை.

சௌக்கத் அலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "யார் தப்புன்னு எனக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகணும்?" என்றார். "என் பெட்டி இங்கிருந்து போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை கை மாறுது. ஒருத்தன் டேப் ஒட்டுவான், ஒருத்தன் இழுப்பான், ஒருத்தன் கிழிப்பான். ஒவ்வொருத்தனுக்கும் நீ பாடம் எடுப்பியா? யாருக்கும் எதுவும் சொல்லாம ஓடணும். அப்படி இருந்தா கொண்டு வா."

அந்த வாரம் முழுதும் அவளுக்கு வேறு நினைப்பில்லை. பட்டை வெளியே இருக்கிறவரை யாராவது அதை வெட்டத்தான் செய்வார்கள். அதைச் சதுரத்துக்கு உள்ளேயே கொண்டுபோக வேண்டும். ஓரத்து நிறங்களை எடுத்துச் சதுரத்தின் நாலு மூலைகளில் வைத்தாள். மூன்று மூலையில் மூன்று மை, நாலாவதில் மூன்றும் சேர்ந்தது. மூலையை வெட்டினால் படமே குறைபட்டுவிடும், அதனால் எந்த வெட்டுக்காரரின் கையும் அங்கே போகாது. ஆனால் ஆறு கட்டம் சொன்ன செய்தியை நாலு மூலை சொல்லவேண்டும். இரண்டிரண்டாகக் கலக்கும்போது என்ன ஆகிறது என்பதை நேராகப் பார்க்க முடியாது, கணக்குப் போட்டு ஊகிக்கத்தான் முடியும். மெஜந்தாவின் நிழல் மஞ்சளில் மறுபடி வந்து எட்டிப் பார்த்தது. அவள் விடவில்லை. தாளை நனைத்துப் படித்தாள், கசக்கிப் படித்தாள், குழல் விளக்கில் ஒரு தடவையும் வெயிலில் ஒரு தடவையும் படித்தாள். கழிக்கும் அளவைத் திருத்தித் திருத்திப் பார்த்ததில், நிழல் ஒருவழியாகப் படுத்துக்கொண்டது.

புதிய லேபிள் கொட்டகைக்குப் போனபோது வேலை அட்டையில் அவள் ஒன்றும் எழுதவில்லை. போய்ச் சொல்லவும் இல்லை. இந்தத் தடவை அது ஒளிந்துகொண்டது இல்லை, அதுதான் சோதனை. பரசுராமன் எதுவும் தெரியாமல், அவருடைய வழக்கப்படி, நாலு பக்கமும் எல்லைக்கோட்டோடு வெட்டி அனுப்பினார்.

ராயபுரத்தில் கேமரா முதல் பெட்டியைப் படித்தது. குட்டை, தீனி, பரிசோதனை எல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றன. ஐஸ் தண்ணீர் சொட்டுகிற பெட்டி, டேப் ஒட்டிய பெட்டி என்று சௌக்கத் அலி தானே பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். கிழிந்து தொங்கிய ஒன்று மட்டும் படிக்கவில்லை. அது படித்தால்தான் பயப்படவேண்டும் என்று அவரே சிரித்தார். வெளியே வந்ததும் தேவகிருபை அம்மா, "திங்கக்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்கோ. நிரந்தரம்," என்றார். குழலிக்கு அந்த வெயிலில் அப்படியே ராயபுரம் தெருவில் ஓடவேண்டும் போல இருந்தது.

அச்சகத்துக்குத் திரும்பியவள் கண்ணாடி அறைக்குப் போகவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனாள். பரசுராமன் ஏதோ பிஸ்கட் உறையை அடுக்கி வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடிச்சி மாமா. எல்லாம் படிச்சிட்ச்சி. எனக்கு வேலையும் பர்மனெண்டு ஆய்ட்ச்சி."

அவர் முகம் மலர்ந்தது. "ஜோரு. நைனாவுக்குச் சொல்லு, மனுசன் குதிப்பான்." பிறகு, "இந்த தபா அட்டையில ஒண்ணும் எழுதலியே, மறந்துட்டியோன்னு இருந்துச்சி. உன் ரூமாண்ட வரலாமான்னு கூடப் பாத்தேன்," என்றார்.

"வேணும்னுதான் எழுதல மாமா. பட்டைய உள்ள கொண்டாந்துட்டேன். இனிமே யார் எப்டி வெட்னாலும் படிக்கும். யாராண்டயும் ஒண்ணும் சொல்லத் தேவயில்ல."

பரசுராமன் வெட்டின அடுக்கைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத் தூளை ஊதிவிட்டார்.

"நல்லதாப் போச்சி," என்றார். "இனிமே நீ இந்தப் பக்கம் வந்து எங்களாண்ட பேசற வேலையே இல்ல."

அதில் குத்தல் எதுவும் இல்லை. பாரம் ஒன்று இறங்கிய குரலில், அவளுக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். அடுத்த அடுக்கை எடுத்து இயந்திரத்தில் வைத்தார். கத்தி இறங்கி ஏறியது.

குழலி அங்கேயே நின்றாள். காலையிலிருந்து அவளுக்குள் குதித்துக்கொண்டிருந்த சந்தோஷம் எங்கேயோ போய்விட்டது. இந்த மனிதர் ஒரு கேள்வியோடு தன் கதவுக்கு வந்ததையும், தான் திருப்பி அனுப்பியதையும் அவள் திங்கள்கிழமை ஒப்புக்கொண்டாள். செவ்வாய் முதல் வெள்ளி வரை உட்கார்ந்து, அவர் இனி எப்போதும் அந்தக் கேள்வியோடு வரவே வேண்டாதபடி ஒரு சதுரத்தைச் செய்து முடித்தாள். அதற்குத்தான் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

அவள் வெற்றுத் தாள் கட்டு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீழே கிடந்த புதிய லேபிள் ஒன்றை எடுத்து, அவருக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள்.

"மாமா, மிஷின நிறுத்து."

அவர் நிறுத்தினார். "இன்னா?"

"நாலு மூலையிலயும் நாலு கலர் கீது பாரு. அது எதுக்குன்னு சொல்றேன்."

"தேவயில்லன்னு இப்பதான சொன்ன."

"தேவயில்லதான்," என்றாள் குழலி. "கேளு."

பரசுராமன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து குந்தினார்.